இருமல் மருந்துப் போத்தலில் பெற்றோல்

அந்த மார்கழியில் வாடைக்காற்று மூன்று நாட்கள் விடாமல் பிடித்தது. வானம் சாம்பல் கரைத்த தண்ணீர் போலக் கிடந்தது. தூறல் விழுவது காதுக்குக் கேட்கவில்லை, முகத்தில்தான் தெரிந்தது. நாங்கள் மழைக்கும் வெயிலுக்கும் பழகிய சனம். குளிருக்கென்று எங்கள் வீட்டில் ஓர் உடுப்பும் இருக்கவில்லை. அப்பா சாரத்துக்கு மேலே என் பழைய கம்பஸ் ஜக்கெற்றைப் போட்டு, துவாயைக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார். அம்மா இரண்டு சேலைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றியிருந்தார்.

பக்கத்து வளவுக்காரரின் மகன் கனடாவில் இருக்கிறார். "இஞ்சை நாங்கள் கார்க் கண்ணாடியிலை ஐஸைச் சுரண்டிப்போட்டு வேலைக்குப் போறம். நீங்கள் இருபது பாகைக்கே நடுங்கிச் சாகிறியளோ?" என்று அவர் போனில் அனுப்பிய குரலை வளவுக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வைத்துப் போட்டுக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். அது முதல் நாள்.

இரண்டாம் நாள் விடியும்போது மாடுகள் சாகத் தொடங்கியிருந்தன. மழையில் ஊறிய தோலோடு திறந்த வெளியில் நின்ற மாடுகள் அந்தக் காற்றைத் தாங்க முடியாமல் கால் மடிந்து விழுந்தன. உருத்திரபுரத்துக்குப் போகும் வாய்க்கால் கரையில் மட்டும் ஆறேழு கிடப்பதாக, பால் எடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் பால் எடுக்காமலே போனார்.

எங்கள் சிவலையும் விழுந்துவிட்டது. எட்டு மாதச் சினை.

அந்தப் பசுவைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பாவின் பெற்றோர் தேயிலை மலையிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடி வன்னிக்கு வந்தவர்கள். அப்பா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தது என்னைச் சேர்க்கப் போன அன்றுதான். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அதையும் நான்தான் பழக்கினேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதலில் சோதனை எழுதியது, முதலில் கம்பஸ் போனது, முதலில் அரசாங்க வேலை எடுத்தது எல்லாம் நான். இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். நான் படித்த காலம் முழுவதும் அம்மா விடியற்காலையில் கறந்து கொடுத்தது சிவலையின் தாயின் பாலை. தாய் போன பிறகு அதன் இடத்தில் நின்றது சிவலை. எனக்கு வேலை கிடைத்த பிறகும் அம்மா அதை விற்கச் சம்மதிக்கவில்லை. "நீ கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு என்னோடை கதைக்க இது ஒண்டாவது நிக்கட்டும்" என்பார்.

சிவலை கொட்டிலுக்குள் ஒருக்களித்துக் கிடந்தது. அம்மா சாக்குகளை விரித்து மூடியிருந்தார். சாக்கின் மேலாகவே நடுக்கம் தெரிந்தது. நான் காதைத் தொட்டுப் பார்த்தேன், ஈரத்துணி போலக் குளிர்ந்திருந்தது. உடனே கால்நடை வைத்தியருக்குப் போன் எடுத்தேன். ஆறாவது தடவைதான் அகப்பட்டார்.

"தங்கச்சி, எனக்கு விளங்குது. எங்கட வாகனம் டீசல் இல்லாமல் நிக்குது. விடிய முதலே இருந்து கோல் வருகுது. ஆர் வாகனத்தோடை வருகினமோ அவையோடைதான் வெளிக்கிடலாம். ஊசி போட்டா எழும்ப வழியிருக்கு, சினை மாடு வேற. எட்டரை மட்டும் உங்களுக்காகப் பாத்துக்கொண்டு நிப்பன். அதுக்குப் பிறகு எண்டால் ஒண்டும் சொல்லேலாது."

அப்போது ஏழு மணி ஆகவில்லை. ரவுணுக்கு எங்கள் காரில் அரை மணித்தியாலம். காற்றுக்காக நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்ததால் நானும் வீட்டில் நின்றேன். நேரம் போதும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்பா திறப்பை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனார்.

அது என்னைவிட வயதில் மூத்த கார். பெட்டி மாதிரி உருவம். அப்பா அதை ஹயருக்கு ஓடினார்: கிளினிக்குப் போகும் கர்ப்பிணிகள், பொம்பிளை வீட்டார், சந்தைக்குப் போகும் மிளகாய் மூட்டை. இடம்பெயர்ந்த காலங்களில் கை மாறிக் கை மாறி வந்ததால் அதன் பதிவுப் புத்தகம் எங்களிடம் இல்லை. பதிவில் யாரோ ஒருவரின் பெயர். அவர் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. அதனால் தட்டுப்பாட்டில் எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தபோது, போனில் காட்டும் அந்தச் சதுரக் குறி எங்கள் காருக்குக் கிடைக்கவில்லை. சதுரம் இல்லாத வாகனத்துக்குப் பெற்றோலும் இல்லை.

அப்பா அதற்காக ஒரு நாள்கூடக் கவலைப்படவில்லை. போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது வன்னியில் வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின என்று சொல்லி, தாங்கிக்குள் மண்ணெண்ணெயை ஊற்றினார். அதில் ஒரு வில்லங்கம் மட்டும் இருந்தது. சூடேறிய எஞ்சின் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயைப் பற்றிப் பிடிக்காது. எழுப்பிவிடுவதற்குக் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதற்கென்று அப்பா ஒரு பழைய இருமல் மருந்துப் போத்தல் வைத்திருந்தார். மூடியில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் ஒரு துளை. பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் வாய்க்குள் போத்தலை இரண்டு தரம் அமத்துவார். பிறகு ஸ்ராட் பண்ணுவார். பிள்ளைக்கு மருந்து பருக்குகிற மாதிரி இருக்கும். அந்தத் துளைக்கு மேல் சின்னத் துண்டு ரியூப் றப்பரைச் சுற்றி, காருக்குள் முன் தட்டில் ஒரே இடத்தில் வைப்பார்.

அந்தப் போத்தலுக்குரிய பெற்றோல் என்னிடமிருந்துதான் போனது. என் ஸ்கூட்டி என் பெயரில் பதிந்தது. என் அடையாள அட்டைக்கு, என் போனுக்கு, என் பெயருக்கு வந்த சதுரம். கிழமைக்குக் கிடைக்கும் சொற்பத்தில் ஒரு போத்தலை அப்பாவுக்குக் கொடுப்பேன். கொடுக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்ன எரிச்சல் எழும். முறையாகப் பதிந்து, வரிசையில் நின்று, சட்டப்படி வாங்குகிற ஆள் நான். சட்டத்துக்குத் தெரியாத ஒரு காருக்கு நான் ஏன் பங்கு கொடுக்க வேண்டும் என்று நினைப்பேன். வெளியே சொன்னதில்லை.

அந்தக் கிழமை என் பங்கு முடிந்துவிட்டது. காற்று பிடிப்பதற்கு முதல்நாள் காலையில் ஸ்கூட்டியின் பெற்றோல் முள் அடியில் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைக்க வேண்டிவரும். ஒரு நாளும் அப்படி வைத்தவள் இல்லை என்ற பெயர் எனக்கு இருந்தது. அப்பா வயலில் நின்றார். நான் காருக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்து, அப்படியே ஸ்கூட்டிக்குள் கவிழ்த்தேன். நாளைக்குக் கிழமை மாறும், பெற்றோல் அடித்துத் திரும்ப விடலாம் என்று எண்ணினேன். மூடியைப் பூட்டி, றப்பரையும் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன். பின்னேரம் மழை பிடித்தது. வழியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் போகிறது என்று சொன்னார்கள். ஸ்கூட்டியைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தேன். போத்தலை மறந்துபோனேன்.

அப்பா பொனற்றைத் திறந்து கொழுவி நிறுத்திவிட்டு, முன் தட்டிலிருந்து போத்தலை எடுத்தபோதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

எடுத்தவுடனேயே அவருடைய கைக்குத் தெரிந்துவிட்டது. காதோடு வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

"அட, இதிலை இல்லையே." போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, போன கிழமை நீ தந்த பெற்றோலை நான் இதுக்கை விட்டனானெல்லே?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் ஞாபகத்தைச் சரிபார்க்க என்னிடம் கேட்டார், வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம் நீட்டுவது போல.

"தெரியாது அப்பா," என்றேன்.

இரண்டு சொற்கள். அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொன்றையும் நான் அந்த இரண்டு சொற்களோடு நின்றுதான் பார்த்தேன்.

"உன்ர ஸ்கூட்டியிலை ஒரு சொட்டு உறிஞ்சலாமே?"

"அது பள்ளிக்கூடத்திலை நிக்குது."

"சரி. அப்ப வேற வழி பாப்பம்."

முதலில் சோக்கை முழுக்க இழுத்து ஸ்ராட் பண்ணிப் பார்த்தார். எஞ்சின் கனத்த சாமானைத் தூக்கும் ஆள் மாதிரி முக்கியது. மூன்றாவது முக்கலில் குரல் இறங்கியது. அப்பா உடனே கையை எடுத்தார். "பற்றறியையும் சாகடிக்கக்கூடாது," என்று சொல்லி ஹோனை ஒருதரம் அடித்துப் பார்த்தார். ஹோன் நன்றாகவே அடித்தது. "பற்றறியிலை பிழை இல்லை."

பிறகு கொயிலிலிருந்து வரும் வயர்களைத் துடைத்தார். டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே மூச்சு விட்ட கண்ணாடி போல ஈரம் பூத்திருந்தது. என் தாவணியைக் கேட்டார், கொடுத்தேன். துடைத்து, தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் பொயின்றைத் தேய்த்து, மூடிப் பூட்டினார். மறுபடி ஒரு முக்கல். ஒன்றுமில்லை.

அடுத்தது பிளக். நான்கையும் கழற்றினார். கறுத்து, மண்ணெண்ணெயில் குளித்திருந்தன. அவற்றை ஒரு பால்ரின்னுக்குள் போட்டுக் குசினிக்குக் கொண்டுபோனார். ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து தணலை ஒதுக்கி, பிளக்குகளை அதன் ஓரத்தில் கிழங்கு சுடுவதுபோல அடுக்கினார். நான் பின்னால் போய் நின்றேன்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த ரீச்சர் கதைத்தாள்.

"மண்ணெண்ணெய் இந்தக் குளிருக்கு ஆவியாகாது அப்பா. பிளக்கைச் சூடாக்கிப் பிரியோசனம் இல்லை."

அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது எனக்கும் தெரியும் பிள்ளை. தன்பாட்டிலை ஆவியாகாட்டி நாங்கள்தான் ஆவியாக்க வேணும்."

ஒன்பதாம் வகுப்புக்கு நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை அவர் தணலில் செய்துகொண்டிருந்தார். சுட்ட பிளக்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டு காருக்கு ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. சூடு ஆற முதல் நான்கையும் பூட்டி, என்னை உள்ளே ஏறித் திறப்பைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் ஒரு தரம் இருமியது. புகைக்குழாயால் வெள்ளையாக ஒரு பொட்டுப் புகை வந்தது. இரண்டாவது இருமல் வரவில்லை.

"கேட்டனியே? பிடிக்கப் பாக்குது." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். "இன்னும் கொஞ்சம் சூடு குடுத்தால் எடுத்துப்போடும். கொம்மாவிட்டைச் சுடுதண்ணி கேள்."

சுடுதண்ணீர் ஒரு பானைதான் இருந்தது. ஒரு பானையைக் கொதிக்க வைப்பதற்கே அம்மா ஒரு மணித்தியாலம் ஊதியிருந்தார். அதில் சாக்கைத் தோய்த்துப் பிழிந்து சிவலையின் வயிற்றுக்கும் கால்களுக்கும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா காருக்குக் கேக்கிறார்," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கொஞ்சம் நீளமாகவே பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ!" என்று அம்மா காரடியைப் பார்த்துக் கத்தினார். "இதை ஊத்தினால் கார் எடுக்குமோ? எடுக்குமெண்டு சொல்லுங்கோ, தாறன். எடுக்காதெண்டால் இஞ்சை ஒரு உயிர் கிடக்குது."

"எடுக்கும்!" என்று அப்பாவும் கத்தினார். பிறகு குரல் தாழ்ந்தது. "எடுக்கப் பாக்கும்."

அம்மா சாக்கைக் கீழே வைத்தார். பானையை நான் தூக்கிக்கொண்டு போனேன். காபரேற்றருக்குக் கீழே எண்ணெய் போகும் இரும்புக் குழாயில் அப்பா சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். தண்ணீரை அதன் மேல் மெதுவாக ஊற்றினார். ஆவி எழும்பி அவர் முகத்தை மறைத்தது. அவருடைய அப்பா இருந்த மலையில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்குமாம், மிதித்தால் நொறுங்குமாம் என்று அந்த ஆவிக்குள் நின்று சொன்னார். "அந்தக் குளிருக்கும் தோட்டத்துத் துரைமாரின்ர கார் எடுத்திருக்குத்தானே. இது எடுக்காதே?"

எடுக்கவில்லை. இருமியது, இரண்டு தரம், மூன்று தரம். ஒவ்வொரு தரமும் எடுத்துவிடும் போலிருந்தது. காற்று அந்த இரும்பின் சூட்டை எங்கள் கண் முன்னாலேயே வழித்துக்கொண்டு போனது. அப்பா எஞ்சினைச் சுற்றும் கைபிடியை முன்னால் கொழுவிச் சுற்றினார். சுற்றச் சுற்ற ஜக்கெற்றின் முதுகு நனைந்தது. எட்டே கால். நான் தெரிந்த ஓட்டோக்காரர் இருவருக்கும் போன் எடுத்தேன். ஒருவர் எடுக்கவில்லை. மற்றவர் தன் மாடுகளோடு நின்றார்.

"பக்கத்து வளவிலை மோட்டச்சைக்கிள் இருக்கு," என்றேன்.

"விடியவே மாடு தேட எடுத்துக்கொண்டு போயிட்டான். நான் முதலே எட்டிப் பாத்தனான்."

நான் வாய்க்கால் கரையால் வளவுக்காரரைத் தேடிப் போனேன். தேடிப் போனேன் என்று எழுதும்போது நல்லவள் போலத் தெரிகிறது. அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல்தான் போனேன். கரையில் செத்த மாடுகளின் வயிற்றில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு கன்று தாயின் மடியோடு ஒட்டிக்கொண்டே செத்திருந்தது. போனை எடுத்து நேரம் பார்த்தேன். எட்டு முப்பத்தைந்து. வைத்தியருக்கு எடுத்தேன். லைன் முட்டிக் கிடந்தது.

வளவுக்காரரை வயல் மதகடியில் கண்டேன். மோட்டச்சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பா சாக்கிலிருந்து ஆவி எழும் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதைக் கண்டதும் அவர் வழமைபோலச் சத்தம் வைத்தார்.

"என்ன ரீச்சர், கொப்பர் காருக்கு ஆவி பிடிக்கிறாரோ? தடிமனோ அதுக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் முகத்தை மாற்றிக்கொண்டார். "எனக்கும் ரெண்டு செத்துப்போட்டுது அண்ணை. ஒண்டு பால் மாடு." மோட்டச்சைக்கிளைச் சரித்து, குழாயைக் கழற்றி, அப்பா நீட்டிய இருமல் மருந்துப் போத்தலுக்குள் பெற்றோலை வடித்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வந்தது. "இவ்வளவுதான் அண்ணை. நான் திரும்ப வயலுக்குப் போகோணும்."

"இது காணும் தம்பி. இதிலை பாதியே காணும்."

அப்பா காபரேற்றருக்குள் இரண்டு தரம் அமத்தினார். நான் திறப்பைத் திருப்பினேன்.

முதல் திருப்பலிலேயே கார் எடுத்தது. ஒரு நோயும் இல்லாத கார் போல, இவ்வளவு நேரமும் எங்களைப் பகிடி பண்ணியதைப் போல உறுமிக்கொண்டு நின்றது. என் கை திறப்பில் இருந்தது. நான் அரக்கி அப்பாவுக்கு இடம் விட்டேன்.

வழியில் அப்பா ஓரிடமும் வேகம் குறைக்கவில்லை. கால்நடை அலுவலகத்து வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே இறங்கினார். உள்ளேயிருந்த உதவியாளர் எழும்பி வந்தார்.

"ஐயா, நீங்கள் உருத்திரபுரம் பக்கமோ? டொக்டர் ஒன்பதே கால் மட்டும் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவர். விசுவமடுவாலை பிக்கப் ஒண்டு வந்து நிண்டு கெஞ்சினது. இப்பதான், பத்து நிமிசம் இருக்காது."

மணிக்கூட்டில் ஒன்பது இருபத்தைந்து. விசுவமடுவுக்குப் பின்னால் போகலாமா என்று அப்பா கேட்டார். அங்கே ஒரு மாட்டுப் பட்டியே விழுந்து கிடக்கிறது, போனாலும் உடனே வரமாட்டார் என்று உதவியாளர் சொன்னார். சாக்கால் மூடச் சொன்னார், நெருப்புப் போடச் சொன்னார், சக்கரைத் தண்ணி பருக்கச் சொன்னார். அம்மா விடியற்காலையிலிருந்து செய்துகொண்டிருந்தவற்றைத்தான் அவரும் சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா கொட்டில் வாசலில் இருந்தார். சிவலையின் தலையை மூடிச் சாக்குப் போட்டிருந்தார். அப்பா கிட்டப் போய்ச் சாக்கின் மேல் கையை வைத்தார். வயிற்றில், கன்று இருக்கும் இடத்தில், கையை அப்படியே கனநேரம் வைத்திருந்தார்.

படலையடியில் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அதை நிப்பாட்டுங்கோவன்," என்றார் அம்மா. "தலைக்கை இரையுது."

"நிப்பாட்டினால் பிறகு எடுக்கேலாது," என்றார் அப்பா. கார் அப்படியே நின்று புகைத்தது. மத்தியானத்துக்குக் கிட்ட நான்தான் போய் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் காற்று விட்டது. ஊருக்குள் பெக்கோ இயந்திரம் வந்து பெரிய கிடங்கு வெட்டியது. எல்லாருடைய மாடுகளையும் அதற்குள் இறக்கினார்கள். அத்தனை மாடுகள் செத்த ஊரில் எங்களுடையதும் ஒன்று. வைத்தியர் வந்திருந்தாலும் போயிருக்கும் என்று வளவுக்காரர் சொன்னார். இருக்கலாம். அந்த "இருக்கலாம்" என்ற சொல்லுக்குள் எத்தனையோ தரம் போய் ஒதுங்கப் பார்த்தேன். அப்பா என்னை ஒதுங்க விடவில்லை.

அவர் எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினார். பால் எடுக்க வருபவரிடம், கடைக்காரரிடம், நிவாரணத்துக்கு மாடு எண்ண வந்த உத்தியோகத்தரிடம். "என்ர மறதியாலை போன மாடு. போத்தலிலை பெற்றோல் விட மறந்துபோனன். விட்டனான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன்." நிவாரணப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் குளிர் என்று எழுதினேன். அப்பா பக்கத்தில் நின்று, "என்ன எழுதினனீ?" என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். "ம்," என்றார்.

பிறகு ஹயருக்குப் போவதைக் குறைத்தார். கர்ப்பிணிகளை ஏற்றுவதில்லை. "எதையாவது மறந்து நடுரோட்டிலை விட்டிடுவன்," என்று சொல்லி வேறு ஆளைக் காட்டிவிடுவார். படலையைப் பூட்டிவிட்டுத் திரும்பப் போய்ப் பார்ப்பார். கிணற்றடியில் மோட்டரை நிறுத்திவிட்டுத் திரும்பப் போய்ப் பார்ப்பார். கியூஆர் முறை நின்று, பெற்றோல் நிலையத்தில் யாரும் எதையும் கேட்காத காலம் வந்த பிறகும் அந்தப் போத்தலை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்குவதை அவர் விடவில்லை. தாங்கியில் நல்ல பெற்றோல் இருக்கும்போதுகூட.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றபோது அம்மா தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"நீ ஸ்கூட்டிக்கு ஊத்தினதை நான் கண்டனான்."

என் கையில் கோப்பை இருந்தது. அதை மிகக் கவனமாகக் கவிழ்த்து வைத்தது ஞாபகம்.

"ஏன் அம்மா அப்ப சொல்லேல்லை?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தன். பிறகு எப்பிடிக் கேக்கிறது எண்டு தெரியேல்லை. படிச்ச பிள்ளை. நான் கேட்டு, நீ இல்லையெண்டு சொல்லிப்போட்டால்?"

அவர் பயந்தது மாட்டுக்காக இல்லை. அப்பாவுக்காகவும் இல்லை. நான் தன் முகத்துக்கு நேரே பொய் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அந்தச் சுடுதண்ணீர்ப் பானையை என்னிடம் ஒன்றும் கேட்காமல் தந்திருக்கிறார்.

நான் அப்பாவிடம் சொல்ல இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வகுப்பில் பிள்ளைகள் உடைத்த கண்ணாடிக் குழாய்க்கு யார் பொறுப்பு என்று கேட்டு, எழும்பி நில் என்று சொல்கிற ஆள் நான். வீட்டில் நான் எழும்பி நிற்கவில்லை. இதை எழுதுவது சுலபமாக இருக்கிறது. அப்பாவால் வாசிக்க முடியாது.

போன மார்கழியில் ஒரு மழை விட்ட பின்னேரம் அவர் காரடியில் பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"அப்பா, அண்டைக்குப் போத்தலிலை பெற்றோல் இருந்தது. நீங்கள் மறக்கேல்லை. ரெண்டு நாளுக்கு முதல் நான்தான் எடுத்து ஸ்கூட்டிக்கு விட்டனான். நீங்கள் கேக்கேக்கை தெரியாதெண்டு சொன்னது பொய்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். அடிக்க மாட்டார், ஆனால் ஏதாவது சொல்வார், நானும் அழுவேன், அதோடு முடியும் என்று என் மனதில் ஒரு கணக்கு இருந்தது.

அவர் சிரித்தார்.

"கொம்மா சொல்லிவிட்டவவோ?"

"இல்லை அப்பா. உண்மையாத்தான்."

"எனக்கு விளங்குது பிள்ளை. நான் யோசிச்சு யோசிச்சு மெலியிறன் எண்டு என்னைத் தேற்றப் பாக்கிறாய்." பிளக்கை மறுபடி துடைக்கத் தொடங்கினார். "நீ அப்பிடிச் செய்யிற பிள்ளை இல்லை. செய்தாலும் அண்டைக்கே சொல்லியிருப்பாய். மாடு கிடந்து இழுக்க, நான் அந்தப் பாடு பட, பாத்துக்கொண்டு நிப்பியே? உன்னை எனக்குத் தெரியாதே?"

"அப்பா..."

"விடு. வயது போனால் மறதி வரும்தானே. அதுக்கு நீ பழி ஏற்கத் தேவையில்லை."

அம்மாவைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்று எழும்பினேன். குசினி வாசலில் அம்மா நின்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. அப்பாவிடமிருந்து மறதியை நான் எடுத்துவிட்டால், அதற்குப் பதிலாக எதைக் கொடுப்பேன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அப்பா பிளக்குகளைப் பூட்டி, பொனற்றை இறக்கினார். முன் தட்டிலிருந்து போத்தலை எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினார். வைத்தார். நான்கு அடி நடந்தவர் திரும்பி வந்து மறுபடி எடுத்து, இந்தத் தரம் என்னிடம் நீட்டினார்.

"உன்ர கண்ணாலை ஒருக்காப் பார் பிள்ளை. இருக்குத்தானே?"

போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். கழுத்து வரைக்கும் இருந்தது.

"இருக்கு அப்பா."

"அப்ப சரி," என்று அவர் உள்ளே போனார்.